திரும்பி வரும் பிள்ளைக்கு நாற்காலி உண்டா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டி மாமல்லபுரம் போகும் வழியில் இருக்கிறது வடநெம்மேலி. முதலைப் பண்ணையைப் பார்க்க வருகிறவர்கள், அப்படியே பாம்பிலிருந்து விஷம் எடுப்பதையும் பார்த்து, செல்போனில் படம் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் பார்த்தது 1978-ல் தொடங்கிய ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் அன்றாட வேலை. இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் என்று பெயர். இந்தியாவில் பாம்புக்கடிக்குப் போடும் மருந்தைத் தயாரிக்கத் தேவைப்படும் விஷத்தில் பெரும்பகுதி பல்லாண்டுகளாக இங்கிருந்துதான் போகிறது. சங்கத்தின் உறுப்பினர்கள் முந்நூற்றுக்கும் மேற்பட்ட இருளர் பழங்குடியினர், ஆண்களும் பெண்களுமாக. 1978-ல் சேர்ந்தவர்களுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். சங்கம் தந்த காசில் அரிசி வாங்கி, நோட்டுப் புத்தகம் வாங்கிப் பள்ளிக்கூடம் போன ஒரு தலைமுறை வளர்ந்து நிற்கிறது. அந்தப் பிள்ளைகளில் ஒருவர் படித்து முடித்துச் சங்கத்துக்கே வேலைக்குத் திரும்பினால், அவருக்கு அங்கே என்ன இடம் வைத்திருக்கிறோம்? கம்பியும் சாக்குப்பையும் மட்டும்தான் என்றால் அவர் வரமாட்டார். வர வேண்டிய அவசியமும் இல்லை. கணக்குப் புத்தகத்திலும் ஆய்வுக்கூடத்திலும் விலை பேசும் மேசையிலும் நிர்வாகக் குழுவிலும் அவருக்கு இடம் இருந்தால்தான் அந்தத் திரும்புதலுக்கு அர்த்தம் உண்டு என்பது என் வாதம்.

இந்தச் சங்கம் எந்த நெருக்கடியில் பிறந்தது என்பதை மறந்துவிட்டுப் பேச முடியாது. இருளர்கள் பிடித்துக் கொடுத்த பாம்புகளின் தோல் ஒரு காலத்தில் சென்னையிலிருந்து கப்பல் கப்பலாக வெளிநாடு போனது. பைகளும் இடுப்பு வார்களும் செய்தவர்கள் பணக்காரர்கள் ஆனார்கள். பிடித்தவர்களுக்குக் கிடைத்தது சில்லறை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. பாம்பைக் காப்பாற்ற அந்தச் சட்டம் தேவைதான். ஆனால் அதுவரை பாம்பை நம்பி வாழ்ந்தவர்கள் ஒரே நாளில் சட்டவிரோதிகள் ஆகிப்போனார்கள். அப்போது பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரும் இருளர்களும் சேர்ந்து யோசித்ததுதான் இந்தச் சங்கம்: பாம்பைக் கொல்லாமல், அதன் விஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பிடித்ததைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுவது. பாம்புப் பாதுகாப்பும் மனிதர் பிழைப்பும் ஒரே ஏற்பாட்டில் அடங்கிய இப்படியொரு திட்டம் நம் நாட்டில் மிக அரிது.

வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கு வகைக்குத்தான் அனுமதி. எத்தனை பிடிக்கலாம் என்பதற்கு அரசு அனுமதி வர வேண்டும். பிடித்து வந்த பாம்பை மண்பானையில் விடுகிறார்கள்; அடியில் மணல், வாயில் துணி கட்டு. ஏறக்குறைய மூன்று வாரம் பானைவாசம். அதற்குள் நான்கு முறை விஷம் எடுப்பார்கள். கண்ணாடிக் குடுவையின் வாயில் இழுத்துக் கட்டிய மெல்லிய தோலைப் பாம்பு கடிக்கும். மஞ்சளாகவோ நிறமில்லாமலோ சில சொட்டுகள் உள்ளே இறங்கும். பிறகு அது உறைய வைத்துக் காயவைக்கப்பட்டுப் பொடியாகிறது. விடுவதற்கு முன் அடிவயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டுகிறார்கள். அதே பாம்பு மறுபடி கைக்கு வந்தால் தெரிந்துவிடும், தொந்தரவு செய்யாமல் விட்டுவிடலாம். தோல் உரிந்து உரிந்து அந்த அடையாளம் நாளடைவில் மறையும். இந்த ஏற்பாட்டில் ஒரு படிகூட சாதாரண வேலை இல்லை. ஒவ்வொன்றிலும் கை நடுங்கக் கூடாது.

பானைக்கு வருவதற்கு முந்தைய வேலை இன்னும் பெரியது. வரப்பில் இருக்கும் எலிவளை ஒன்றின் வாயில் கிடக்கும் மண்ணைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா, எலியைத் தின்ற பாம்பு இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். மணலில் பதிந்த தடம், உரித்த சட்டையின் ஒரு துண்டு, காய்ந்த எச்சம் என ஒவ்வொன்றும் அவர்களுக்குச் செய்தி. இந்த அறிவின் தரம் என்ன என்பதற்கு அமெரிக்கா சாட்சி. ஃபுளோரிடாவில் பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க அந்த ஊர்க்காரர்கள் திணறியபோது, 2017-ல் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் இங்கிருந்து அழைத்துச் செல்லப்பட்டார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் அவர்கள் பதின்மூன்று மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இப்போது சிக்கலான இடத்துக்கு வருகிறோம். இந்த அறிவு வகுப்பறையில் கைமாறுவதில்லை. அப்பாவோடும் அம்மாவோடும் பாட்டியோடும் வயல்வெளியில் நடந்து நடந்து கண்ணில் ஏறுவது அது. அந்த நடைக்கான நேரமும் பள்ளிக்கூட நேரமும் ஒன்று. பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த இருளர் குடும்பங்களின் கதை வடதமிழகத்தில் யாருக்கும் புதிதில்லை. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-ல் வந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் அதிகாரிகள் அவர்களை மீட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். அந்தக் குழியிலிருந்து ஏற ஒரே ஏணி படிப்பு. ஆனால் அந்த ஏணியில் ஏறியதன் விலையாக, இன்று தடம் பார்க்கத் தெரிந்தவரிடம் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் உள்ளவருக்குத் தடம் பார்க்கத் தெரியாது என்று ஆகிவிட்டது. ஒரே வீட்டில் இருக்கும் இந்த இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்யக்கூடிய இடம் ஒன்று இருக்குமானால் அது சங்கம்தான். வேறு எந்த அலுவலகமும் அந்த இருவரையும் ஒருசேர வேலைக்கு வைக்கப் போவதில்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு கனமானது. பாம்பு பிடித்தவர் பிள்ளை படித்த பிறகும் பாம்புச் சங்கத்துக்கே வர வேண்டுமா? அப்பன் தொழிலைப் பிள்ளை செய்ய வேண்டும் என்பதை இந்த மண் ஏற்றுக்கொள்ளவில்லையே? 1953-ல் ராஜாஜி அரை நாள் பள்ளி, அரை நாள் குடும்பத் தொழில் என்று கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லித் தமிழ்நாடே எதிர்த்தது. அடுத்த ஆண்டு காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. அந்த எதிர்ப்பு நூற்றுக்கு நூறு சரி. ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை அவன் பிறந்த வீடு முடிவு செய்யக் கூடாது. ஆகவே திரும்பி வா என்று யாரையும் கட்டாயப்படுத்த எந்தச் சங்கத்துக்கும் உரிமை இல்லை. ஓர் இருளர் வீட்டுப் பெண் சென்னையில் வங்கி அதிகாரி ஆகிவிட்டால் அதில் சங்கத்துக்கு நட்டமில்லை, பெருமைதான். நான் பேசுவது அந்தப் பெண்ணைப் பற்றி அல்ல. திரும்ப விரும்பி, வாசலில் வந்து நின்று, உள்ளே தனக்கேற்ற வேலை இல்லை என்று தெரிந்துகொள்ளும் இன்னொரு பெண்ணைப் பற்றி. குலக்கல்வி கதவைச் சாத்தியது. அதற்குப் பதில், பிறந்த இடத்துக்கான கதவையும் சேர்த்து எல்லாக் கதவுகளையும் திறந்து வைப்பது. பாட்டன் பிடித்த பாம்பின் விஷத்தைப் பேரன் உயிர்வேதியியல் படித்துவிட்டுப் பரிசோதிக்கிறான் என்றால் அது தொழில் வாரிசு முறை ஆகாது. அந்தத் தொழிலில் இதுவரை இவர்கள் நுழையவே முடியாத மாடிக்கு ஏறுவது அது.

அந்த மாடியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்று பத்து லட்சம் மரணங்கள் ஆய்வின் அடிப்படையில் கணக்கிட்டிருக்கிறார்கள். 2030-க்குள் இந்தச் சாவுகளைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று 2024 மார்ச்சில் மத்திய அரசு ஒரு தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. இன்னொரு பக்கம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுநாகர் குழுவினர் செய்த ஆய்வுகள் ஒரு முக்கியமான கேள்வியை எழுப்பியுள்ளன: ஒரே வகைப் பாம்பாக இருந்தாலும் அதன் விஷம் ஊருக்கு ஊர் மாறுகிறது, அப்படியிருக்க ஒரு வட்டாரத்தில் எடுத்த விஷத்தை வைத்துச் செய்த மருந்து நாடு முழுவதும் ஒரே மாதிரி எப்படி வேலை செய்யும்? உலக சுகாதார நிறுவனமும் காட்டிலிருந்து பிடித்து வந்து சில வாரம் வைத்துவிட்டு விடும் முறையைவிட, நிரந்தரமாகப் பராமரித்து, ஒவ்வொரு பாம்புக்கும் தனிப் பதிவேடு வைக்கும் முறையையே விரும்புகிறது. பாம்பு விஷமே தேவைப்படாத செயற்கை எதிர்மருந்தை நோக்கியும் ஆராய்ச்சிகள் நகர்கின்றன. இவை எல்லாமே வடநெம்மேலியின் நாளைய சோற்றைத் தொடும் விவாதங்கள். நடக்கும் மொழி ஆங்கிலம், நடக்கும் இடம் பெங்களூரு, டெல்லி, ஜெனீவா. அந்த மேசைகளில் உட்கார்ந்து, இந்த விமர்சனத்தில் எது நியாயம், எதற்கு எங்களிடம் பதில் இருக்கிறது, பிற மாநிலங்களுக்கும் எங்கள் ஆட்களை அனுப்பி அந்தந்த மண்ணின் பாம்பிலிருந்து விஷம் எடுக்க நாங்கள் தயார் என்று சொல்லக்கூடிய ஓர் இருளர் விஞ்ஞானி வேண்டும். அப்படி ஒருவர் உருவாகும்வரை இந்தச் சமூகத்தின் தலையெழுத்தை நல்லெண்ணம் கொண்ட மற்றவர்கள்தான் எழுதிக்கொண்டிருப்பார்கள். நல்லெண்ணம் இருக்கிறதே, போதாதா என்றால், போதாது. அனுமதி தள்ளிப்போகும் நாட்களில் அடுப்பு அணைவது நல்லெண்ணம் கொண்டவர் வீட்டில் இல்லை.

இது கனவு என்று சொல்பவர்கள் கூடலூர் வரை போய் வரலாம். நீலகிரியின் கூடலூரில் 1985-ல் ஸ்டான், மாரி தேக்கேகரா தம்பதியர் அக்கார்டு என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் உருவானது. 1988 டிசம்பர் 5 அன்று ஆயிரக்கணக்கான பழங்குடி மக்கள் நில உரிமைக்காகக் கூடலூரில் ஊர்வலம் போனார்கள். அதையொட்டி அஸ்வினி மருத்துவமனை வந்தது, வித்யோதயா பள்ளி வந்தது. வெளியிலிருந்து வந்த டாக்டர்களும் ஆசிரியர்களும்தான் ஆரம்பித்தார்கள், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒரு நாள் இதை இந்த மக்கள் கையில் ஒப்படைப்போம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டு ஆரம்பித்தார்கள். பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் வீட்டுப் பெண்கள் செவிலியர் ஆனார்கள். அந்தப் பள்ளியோடு வளர்ந்த பழங்குடி இளைஞர்கள் ஆசிரியர்கள் ஆனார்கள். பிறகு நிர்வாகத்துக்கும் வந்தார்கள். தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்தின் சிட்லிங்கியில் ரெஜி, லலிதா என்ற டாக்டர் தம்பதியர் 1993-ல் தொடங்கிய பழங்குடி மக்கள் மருத்துவமனையும் உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துத்தான் நிமிர்ந்து நிற்கிறது. இவ்விரண்டு இடங்களிலும் பிள்ளைகள் திரும்பி வந்ததற்குக் காரணம் ஊர்ப்பாசம் மட்டுமா? வந்தால் செய்யப் பொறுப்பான வேலை இருந்தது. அந்த வேலைக்கான பயிற்சியை அமைப்பே கொடுத்தது. அதுதான் வித்தியாசம்.

மாமல்லபுரக் கரையிலேயே வேறொரு துறையில் இதைப் பார்க்க முடிகிறது. கோவளம் மீனவர் மூர்த்தி மேகவன் தன் ஊர்ப் பிள்ளைகளுக்கு அலைச்சறுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தபோது அவர் வைத்த நிபந்தனைகள் எளியவை: குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது, பள்ளிக்கூடம் போக வேண்டும். 2012 வாக்கில் அது முறையான பள்ளியாக உருவெடுத்தது. அங்கே பலகை பிடித்து நிற்கக் கற்றுக்கொண்ட குப்பத்துப் பையன்கள் வளர்ந்து பயிற்சியாளர்களாகவும் தேசியப் போட்டிகளில் வெல்கிறவர்களாகவும் ஆனார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்துக்கு வந்தது. இந்தப் பிள்ளைகளைத் திரும்பி வா என்று யாரும் கெஞ்சவில்லை. கற்றுக்கொண்ட இடத்திலேயே சம்பளமும் மரியாதையும் இருந்தது, தலைமையில் இருந்தவரும் தங்கள் ஊர்க்காரர்தான். பாம்புச் சங்கத்துக்கும் அலைச்சறுக்குப் பள்ளிக்கும் ஒப்பிட ஒன்றுமில்லை என்று தோன்றலாம். ஒன்றில் சுற்றுலாப் பயணியின் பணம் இருக்கிறது, இன்னொன்றில் அரசு அனுமதியும் மருந்துக் கம்பெனியின் கொள்முதலும் இருக்கிறது. உண்மை. ஆனாலும் ஊரார் ஒருவர் மேலே இருப்பதைக் கண்ணால் பார்க்கும் சிறுவனுக்குத் தானும் அங்கே போகலாம் என்று தோன்றுகிறதே, அதற்கு விலையில்லை.

இரண்டாவது மறுப்பு காதோடு காதாகச் சொல்லப்படுவது: அவர்களிடம் நிர்வாகத்தைக் கொடுத்தால் நடத்தத் தெரியுமா, உறவுக்காரர்களுக்கே எல்லாம் போய்விடாதா? உறவுக்காரர் ஆதிக்கம் தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் இல்லாத நோயா? அதற்கு மருந்தாகத் தணிக்கை இருக்கிறது, தேர்தல் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. எல்லோருக்கும் பொருந்தும் அந்த மருந்து இருளர்களுக்கு மட்டும் போதாது என்று சொல்வதில் நியாயம் இல்லை. நடத்தத் தெரியுமா என்ற கேள்விக்கு மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்ப் பார்க்கலாம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் என்று பல மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இருளர்கள் வந்து, புடவைகளைச் சுற்றிக் கட்டிய கூடாரங்களில் தங்கி, விடியற்காலையில் மணலில் மேடை கட்டிக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். கல்யாணங்கள் அங்கேயே நடக்கின்றன, சம்பந்தம் பேசுகிறார்கள், பழைய வழக்குகளைத் தீர்த்துக்கொள்கிறார்கள். அழைப்பிதழ் இல்லை, அமைப்பாளர் இல்லை. தலைமுறை தலைமுறையாக இப்படி ஒரு பெருங்கூட்டத்தைத் தாமே கூட்டித் தாமே கலைக்கத் தெரிந்தவர்களைப் பார்த்து நிர்வாகம் தெரியாது என்று சொல்ல நமக்கு என்ன தகுதி? செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் 1986-லிருந்து இயங்கும் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் இன்னொரு பதில். மூலிகைச் செடி வளர்ப்பதிலும் மருந்து செய்வதிலும் காடு வளர்ப்பதிலும் அந்தப் பெண்கள் நாற்பது ஆண்டு அனுபவத்தை எட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவதாக ஒரு விஷயம், மறுப்பு என்று சொல்ல முடியாது, ஒரு மனப்பழக்கம். தன்னை வளர்த்த அமைப்புக்கு வேலை செய்ய வருகிறவர் அதைச் சேவையாகச் செய்ய வேண்டும், சம்பளம் பேசக் கூடாது என்று நாம் எதிர்பார்க்கிறோம். அனாதை இல்லத்தில் வளர்ந்து அங்கேயே வார்டனாகத் திரும்புகிறவரிடமும், இரவுப் பாடசாலையில் படித்து அங்கேயே சொல்லிக்கொடுக்க வருகிறவரிடமும் இதையேதான் எதிர்பார்க்கிறோம். வெளியிலிருந்து வரும் ஆலோசகரிடம் கட்டணம் என்ன என்று மரியாதையாகக் கேட்கிறோம். நம் பிள்ளைதானே என்று சொல்லி உள்ளூர்க்காரருக்குப் பாதிச் சம்பளம் கொடுக்கிறோம். இது கொடுமை, தெரியாமல் செய்வதாலேயே கூடுதல் கொடுமை. அந்த ஆலோசகருக்குத் தெரியாத ஒன்று இவருக்குத் தெரியும்: அமைப்பின் முடிவு ஒவ்வொன்றும் வீட்டுக்குள் எப்படி இறங்குகிறது என்பது. அனுமதி இரண்டு மாதம் தள்ளிப்போனால் எந்த வீட்டில் பிள்ளை பள்ளியை விட்டு நிற்கும், பழங்குடிச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்து நடந்து எந்த வீட்டில் மேற்படிப்பு நின்றுபோனது என்பதை அவர் புள்ளிவிவரத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர் இல்லை. அந்த அறிவுக்குச் சந்தையில் விலை வைக்கப்படவில்லை என்பதற்காக அது இலவசம் ஆகிவிடாது.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. தொழில் வணிகத் துறையும் வனத்துறையும் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு கூட்டத்தில் முடிவெடுக்கலாம். சங்கத்தில் ஆய்வக உதவியாளர், கணக்காளர், விற்பனைப் பொறுப்பாளர் ஆகிய பணியிடங்களுக்கு உறுப்பினர் குடும்பத்துப் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை தர வேண்டும், அரசு ஊதிய விகிதத்தில். கால்நடை மருத்துவமோ உயிர்வேதியியலோ படிக்க விரும்பும் இருளர் மாணவருக்குச் சங்கத்தின் பெயரில் முழு உதவித்தொகை தர வேண்டும், திரும்பி வந்தே தீர வேண்டும் என்ற ஒப்பந்தம் இல்லாமல். தடம் பார்க்கத் தெரிந்த மூத்தவர்களை ஆசிரியர்களாக நியமித்து, பதினெட்டு வயது நிறைந்த இளைஞர்கள் ஊதியத்தோடு அவர்களிடம் பயில ஏற்பாடு வேண்டும். பத்மஸ்ரீ கொடுத்த அரசுக்கு இந்தச் சம்பளம் ஒரு பாரமா? நிர்வாகக் குழுவில் முப்பத்தைந்து வயதுக்குக் கீழ் உள்ள ஆண் ஒருவர், பெண் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அனுமதி ஒவ்வோர் ஆண்டும் பருவம் தொடங்குவதற்கு முன்பே வந்து சேர வேண்டும்.

அடுத்த முறை கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் வாசகர்கள் வடநெம்மேலியில் வண்டியை நிறுத்துங்கள். விஷம் எடுப்பதைப் பார்த்துவிட்டு உடனே கிளம்பிவிடாமல், அங்கே இருப்பவர்களிடம் உங்கள் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், அவர்களுக்கு இங்கே வேலை உண்டா என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுதுங்கள்.